தராசார் தம் வீட்டைத் தாமே விற்கப் புறப்பட்ட படலம்

எல்லா வாசல்களையும் படைத்து, எல்லா வாசல்களுக்கும் வெளியே பொறுமையோடு காத்து நிற்கும் இறைவா, முதல் வணக்கம் உனக்கு. உன் கருணை இல்லையேல் ஒரு தாழ்ப்பாளும் நேராக விழாது, ஒரு கதவும் ஓசையின்றிச் சாத்தாது என்பதை அடிபட்டு அறிந்தவர்கள் நாங்கள். ஆகவே, கள்ள எடைக்குக் காலனும், குறையளவுக்குக் கூற்றுவனும், கடைத்தெருக்களின் கோடை இடியும், கண்ணாடிக்குள் கனலும் கண்ணுடையவருமான மாவீரர் ஒருவர், தரகர் துணை வேண்டேன் எனத் தனியொருவராய் நின்று தம் வீட்டைத் தாமே விற்கப் புறப்பட்ட வீரக்கதையைச் சொல்லப் புகும் எங்கள் நாவில் நீயே வந்து அமர்க. அமர நேரமில்லையென்றால் பக்கத்திலாவது நில். வீரர் பெரியவர், காரியம் சிறியது, இரண்டுக்கும் நடுவே இழுபட்டு எங்கள் மொழி கிழிந்துவிடக் கூடாது.

வீரரின் பெயர் தராசார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதை இப்போது வங்கிக்காரர்கள் மட்டுமே சொல்கிறார்கள். எடை அளவு ஆய்வாளராக அவர் பணியாற்றிய காலத்தில், கடைத்தெருவின் இந்த முனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அந்த முனையில் தராசுத் தட்டுகள் தாமாகவே நிமிர்ந்து நின்றன. எடைக்கல்லின் வயிற்றில் ஒளிந்திருந்த மெழுகு அவர் பார்வை பட்டே உருகியது. பெட்ரோல் குழாய்கள் அவரைக் கண்டு இருமின. சர்க்கரை மூட்டைகள் பெருமூச்சு விட்டன. பணிக்காலம் முழுவதும் எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தேநீர் குடித்ததில்லை. எந்த மனிதனின் நாக்கையும் நம்பியதுமில்லை. முள் சொன்னால் நம்புவார். முள்ளையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். இத்தனை பெருமையும் உண்மை. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் சுற்றுவார் என்பதும் உண்மை.

இத்தகையவர் வீட்டை விற்க வேண்டிய நெருக்கடி யாரால் வந்தது? பகைவரால் அன்று, படிக்கட்டால் வந்தது. அந்த வீட்டில் தெருமட்டத்தில் வண்டி நிறுத்தும் கொட்டகையும் ஒரு சாமான் அறையும் மட்டுமே. சமையலறை, படுக்கை, குளியலறை யாவும் மாடியில். இளமையில் அது காற்றோட்டமாகத் தெரிந்தது. இப்போதோ, அவருடைய துணைவியாரும், ஊரில் பாதிப் பெண்களுக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தவருமான தையல் டீச்சரின் இரண்டு முட்டிகளும் அந்தப் படிக்கட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டுவிட்டன. டீச்சர் மருத்துவரைப் பார்க்க மட்டுமே இறங்கினார். இறங்கினால் ஏறுவதற்குள் பொழுது சாய்ந்தது. அவர் முறையிடவில்லை. சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களின் சட்டைத் தையலை மேலிருந்தே குறை சொல்லிப் பொழுதைப் போக்கினார். அதுதான் தராசாரைச் சுட்டது.

பூங்காவுக்குப் பக்கத்துச் சந்தில், டீச்சரின் பழைய மாணவி ஒருத்தி தன் தரைத்தள வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறாள். வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. “டீச்சருக்குன்னா மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்” என்று சொல்லியிருந்தாள். மாடி வீடு விற்றால்தான் தரை வீடு. போரின் காரணம் இவ்வளவே. ஆனால் இதைவிட அற்பமான காரணங்களுக்காகவும் கோட்டைகள் எரிந்திருக்கின்றன.

சேதி எப்படிப் பரவியதோ, மறுநாளே வந்து நின்றார் சாவிக்கொத்து. தெருமுனை ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் ஒரு மேசை அளவுக்குப் பரந்த அரசை ஆள்பவர். வெயில் இல்லாத நாளிலும் கறுப்புக் கண்ணாடி அணிபவர். ஊரார் வீட்டுச் சாவிகளெல்லாம் இடுப்பில் கலகலக்க, வருவதற்கு முன்னால் தம் வரவை அறிவிப்பவர். தொழிலால் வீட்டுத் தரகர். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, வீடு கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டதாகவும் பொறுப்பைத் தம்மிடம் விட்டால் போதும் என்றும் பணிவாகச் சொன்னார்.

மாடத்தில் தோன்றினார் தராசார். இடக்கையில் செய்தித்தாள், வலக்கை வானை நோக்கி. கார்முகில் முழங்குவது போலவும், கடல் கரையை அதட்டுவது போலவும் அவர் முழங்கியதைத் தெருவே கேட்டது.

“சாவி சுமக்கும் தரகரே, கேளும். இவ்வீட்டைக் கட்டியவன் நான். இதன் நிறையும் அறிவேன், குறையும் அறிவேன். இதை விற்க என் நாக்கு போதும். வாடகை நாக்கு வேண்டாம். பொய் பேசிப் பிழைப்போர் எவர் காலும் இந்தப் படியில் படாது. இது என் சபதம்.”

“சரிங்க சார்” என்றார் சாவிக்கொத்து. அவர் வண்டி கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் தராசாரின் கை வானை நோக்கியே இருந்தது. சபதம் செய்தவர்கள் கையை எப்போது இறக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பிறகு ஆயுதங்கள் திரட்டப்பட்டன. முதல் ஆயுதம் பலகை. இரும்புக் கதவில் கட்டித் தொங்கவிட, தாமே தூரிகை பிடித்து, எழுத்துக்கு எழுத்து அளவெடுத்து அவர் எழுதிய வாசகம் இது: ‘வீடு விற்பனைக்கு. உரிமையாளரே விற்கிறார். வடக்குச் சுவரில் மழைக்கால ஓதம் உண்டு. குளியலறைக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும். பின் அறையில் வெளிச்சம் போதாது. மற்றவை நேரில்.’ வழிப்போக்கர்கள் நின்று படித்தார்கள். சிலர் அனுதாபத்தோடு மாடியை ஏறிட்டுப் பார்த்தார்கள். டீச்சர் பலகையை மேலே எடுத்து வரச் சொல்லிப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏங்க, வீட்டை விக்கிறீங்களா, ஜப்தி பண்றீங்களா?”

தராசார் இந்த அம்பைப் புன்னகை என்னும் கேடயத்தால் தடுத்தார். தடுத்ததாக அவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் ஆயுதம் தொலைபேசி. அதுவோ பிடித்தவர் கையையே வெட்டும் வாளாக இருந்தது. வீட்டைப் பார்க்காமலே கடைசி விலை கேட்டவர்கள், விலையைக் கேட்டதும் தும்மியவர்கள், வாங்குபவர் வேடமிட்டு வந்த தரகர்கள், தரகர் என்று சொல்லிக்கொண்ட காப்பீட்டுக்காரர்கள், தவறான எண்ணில் வந்து அரை மணி நேரம் ஆறுதலாகப் பேசிவிட்டுப் போன ஒரு தனிமையான மனிதர் எனப் படைபடையாய் வந்து மோதினார்கள். கடைசியாகச் சொன்னவரிடம் மட்டும் தராசார் எரிந்துவிழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டே வைத்தார். கண்டிப்பான மனிதருக்குள்ளும் ஒரு சின்னச் சன்னல் திறந்தே இருக்கும்படி இறைவன் கட்டியிருந்தான்.

மூன்றாவது, நேருக்கு நேர் போர். ஐயோ, அதை எப்படிச் சொல்வது. புதிதாய் மணம் முடித்த இருவர் கைகோத்து வந்தார்கள். முன்னால் தராசார், கையில் டார்ச் விளக்கு. சோதனைக்குப் போகும் அதே நடை, அதே இறுகிய தாடை. கூடத்தின் காற்றையோ, சமையலறைச் சன்னலில் வந்து விழும் காலை வெயிலையோ அவர் காட்டவில்லை. குற்றவாளியை நேரே பிடிப்பதுதானே அவர் வழக்கம். வடக்குச் சுவரில் விளக்கைப் பாய்ச்சி, “இதோ ஓதம்” என்றார். குளியலறைக் கதவைத் தூக்கிக் காட்டி, தூக்காமல் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் செய்து காட்டினார். உள்ளே மாட்டிக்கொண்ட மணமகனை வெளியே எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. தண்ணீர்க் குழாய் இருமும் இரகசியத்தை வெளியிட்டார். பின் அறையின் இருட்டைக் காட்டுவதற்காக விளக்கை அணைத்தார். மணமகள் கணவனின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். இருவரும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த யோசனை இன்னும் முடியவில்லை.

அடுத்து வந்தவர்களும் இப்படியே வீழ்ந்தார்கள். ஒருவர் சுவரை அளந்து, திரைச்சீலை எத்தனை முழம் என்று கணக்கிட்டு, டீச்சரிடம் தையல் யோசனையும் கேட்டுக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் போனார். ஒரு குடும்பம் குளியலறையைப் பயன்படுத்தவே வந்ததோ என்று எங்களுக்கு ஐயம். யார் வந்தாலும் தராசார் சளைக்கவில்லை. முதலில் குறை, பிறகும் குறை, வாசலில் வழியனுப்பும்போது மறந்துபோன ஒரு குறை. உண்மை பேசியாயிற்று என்ற நிறைவில் அவர் நெஞ்சு நிமிர்ந்தது. வீடு அப்படியே நின்றது. ஊரார் சரக்கையெல்லாம் சந்தேகப்பட்டுப் பழகிய கண், தம் சரக்கைக் கண்டாலும் சந்தேகத்தைத் தவிர வேறெதையும் காட்ட அறியவில்லை.

மாதம் கரைந்தது. பழைய மாணவி தயங்கித் தயங்கிப் பேசினாள். வேறொருவர் அந்தத் தரை வீட்டுக்குக் கையில் முன்பணத்தோடு வந்து நிற்பதாகவும், இந்த வாரம் வரை எப்படியாவது தள்ளிப்போடுவதாகவும் சொன்னாள். டீச்சர் அவளைச் சமாதானப்படுத்தினார். “உனக்கும் போகணும்ல கண்ணு, எனக்காக இழுத்துப் பிடிக்காத” என்றார். பேசி முடித்துவிட்டு நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று யார் சட்டையையும் குறை சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் அது நடந்தது. மருத்துவரைப் பார்த்துவிட்டு டீச்சர் ஆட்டோவில் தனியாகவே வந்திறங்கினார். யாரோ வீடு பார்க்க வருகிறார்கள் என்று தராசார் மாடியில் டார்ச்சோடு காத்திருந்தார். அப்படி வருவதாகச் சொன்னவர் கடைசிவரை வரவேயில்லை. மருந்துப் பையும் காய்ப் பையுமாகப் படியேறிய டீச்சர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் கணவர் பதறுவார் என்று கூப்பிடவில்லை. அந்த வழியே போன சாவிக்கொத்து கண்டார். வண்டியை நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கலகலக்கும் சாவிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு படியேறி, டீச்சருக்குத் தோள் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் நின்று, “மெதுவாக்கா, ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லியபடியே மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த தராசார் கதவருகே சிலையானார். சபதம் செய்த படிக்கட்டு. சபதத்தில் குறிக்கப்பட்ட கால். நடுவே தம் மனைவி. சாவிக்கொத்து பைகளைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“உள்ள வரல சார். சபதம் பண்ணிருக்கீங்கல்ல.”

கிண்டல் தேடிய தராசார் அந்த முகத்தில் ஒன்றையும் காணவில்லை. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மூச்சு வாங்க இறங்கிப் போய் வண்டியை எடுத்தார் தரகர். யானைகள் முட்டியும் அசையாத கோட்டைக்கதவு ஒரு குழந்தை சாய்ந்ததும் திறந்துகொண்டது போல, தராசாரின் உள்ளே ஏதோ ஒன்று ஓசையில்லாமல் விலகியது. எங்கள் உவமை கொஞ்சம் பெரிதுதான். ஆனால் அவருக்கு அப்படித்தான் இருந்தது.

மாலையில் தோற்ற மன்னர் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். போகும்போது பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். சாவிக்கொத்து எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழைய முழக்கத்தை நினைவூட்டவில்லை. யார் வீட்டுக்கு வரலாம் என்று மனத்துக்குள் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்போல் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு குடும்பம் இருப்பதாகவும் நாளைக்கே அழைத்துவருவதாகவும் சொன்னார். உடன்படிக்கைக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வர்றப்போ நீங்க வீட்ல இருக்கக் கூடாது.”

தம் அரண்மனையிலிருந்தே நாடுகடத்தப்படும் துயரத்தை எந்தக் காவியம் பாடாமல் விட்டது? தராசார் தலையசைத்தார். ஆனால் இதயம் ஒப்பவில்லை. மறுநாள் நேரம் வந்ததும் பூங்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், இறங்குவதற்குப் பதிலாக ஏறி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பதுங்கினார். தொட்டிக்குப் பின்னால் குந்தியிருக்கும் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி எப்படி இருப்பார் என்று ஒரு காகம் நெடுநேரம் ஆராய்ந்தது. அவரும் யோசித்துப் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வந்தவள் ஒரு செவிலி. கூடவே பேருந்து ஓட்டுநரான கணவன். சாவிக்கொத்தின் குரல் மாடிப்படி வழியாக ஏறிவந்தது. கூடத்தில் நிற்க வைத்துக் காற்றைக் காட்டினார். சமையலறையில் டீச்சரைப் பேசவிட்டு, சும்மா நின்றார். பின் அறைக்கு வந்ததும், இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது என்றார். செவிலி அறைக்குள் போய்க் கண்ணை மூடி ஒரு கணம் நின்றாள் போலும். “அப்பா, இருட்டு” என்று அவள் நிம்மதியாகச் சொன்னது மேலே கேட்டது. தராசார் வியந்தார். வியந்துகொண்டே காத்திருந்தார். எங்கே வடக்குச் சுவர்? ஓதம் பற்றி ஒரு சொல் வருமா? கணவன் வீடு பிடித்துவிட்டது என்கிறான், முன்பணப் பேச்சு எழுகிறது, ஓதம் வரவில்லை.

அந்தோ, அப்போது தொட்டியின் நிழலில் மூண்ட போருக்கு ஈடாக எந்தக் களத்தைச் சொல்வோம். ஒரு பக்கம் டீச்சரின் முட்டிகள், படியற்ற வாசல், இந்த வாரத்தோடு கைநழுவப்போகும் வீடு. வாயை மூடிக்கொண்டு தொட்டியடியில் இன்னும் சற்றே குந்தியிருந்தால் போதும். மறு பக்கம், நாளை மழையில் அந்தச் சுவரைப் பார்த்து ஏமாந்து நிற்கப்போகும், உழைத்துச் சேர்த்த இருவர். இரண்டு தட்டுகளும் ஏறி இறங்கின. தராசார் கண்ணை மூடி, “கடவுளே, என்னை மன்னிக்கச் சொல்லி அவகிட்ட சொல்லு” என்றார். மலையுச்சியிலிருந்து இறங்கும் சிங்கம்போல, தொடையில் பாசி ஒட்டிய வேட்டியோடு, படிகளில் இறங்கி அவர்கள் நடுவே தோன்றினார்.

“நில்லுங்கள். உண்மையைக் கேட்டுவிட்டுப் பணத்தைத் தொடுங்கள். இவ்வீட்டின் வடக்குச் சுவரில் ஓதம் உண்டு. இவர் மறைத்தாலும் நான் மறையேன்.”

டீச்சர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். செவிலி, நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கனிந்த குரலில் சொன்னாள்.

“தெரியும் சார். போன்லயே முதல்ல அதத்தான் சொன்னாரு. கதவு, குழாய் எல்லாம் சொல்லிட்டாரு. சரி பண்ணிக்கலாம்னுதான் வந்தோம்.”

வீரர்கள் அம்பு பட்டு விழுவார்கள். வாள் பட்டு விழுவார்கள். நின்ற இடத்திலேயே, பிறருடைய நேர்மை பட்டு விழுந்தவர் இவர் ஒருவர்தான். உலகில் உண்மை பேச நியமிக்கப்பட்ட ஒரே அதிகாரி தாம் என்று இத்தனை காலம் ஏந்திவந்த கொடி, பாசி ஒட்டிய வேட்டியாய்த் தொங்கியது. எந்த மூலையைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். பொய்யன் என்று அழைக்கப்பட்டவரே பேசினார்.

“நான்தான் சார வந்து சொல்லச் சொன்னேன். வீட்டுக்காரர் வாயாலயும் ஒருதடவ கேட்டா உங்களுக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும்ல.”

சாவிக்கொத்து அதைச் சொன்னபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர், அதுவும் நல்லதுதான் என்றான். தராசாருக்குத் தெரியும், அது அப்பட்டமான பொய். நூலளவு குறைந்தாலும் பறிமுதல் செய்த கை, அன்று அசையவில்லை. வாழ்நாளில் அவர் தெரிந்தே விட்டுவிட்ட முதல் கள்ள எடை அது. தம் மானத்தை மூடுவதற்காக இன்னொருவர் தட்டில் போட்ட அந்தச் சிறு பொய்யை எடைபோட இறைவனிடம் வேறு தராசு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. “ஆமா” என்றார் மெல்ல. பிறகு, “நீங்க எல்லாரும் உக்காருங்க, டீ போடறேன்” என்றார். சாவிக்கொத்தைப் பார்த்து, “நீங்களும் உள்ள வாங்க” என்று சேர்த்துக்கொண்டார். டீயில் சர்க்கரை அளவு தவறியது, யாரும் சொல்லவில்லை.

அதன்பின் நடந்தவை வேகமானவை. பத்திரம் பதிவாயிற்று. தரகை இரு கைகளாலும் கொடுத்தார் தராசார்; கூடக் கொடுத்ததைச் சாவிக்கொத்து இரு கைகளாலும் திருப்பித் தந்தார். மாணவி கடைசி நாள் மாலையில் சாவியை ஒப்படைத்து, டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

வெற்றிவேந்தர் புதுநகர் புகும் நாளும் வந்தது. கிழக்கே கதிரவன் செம்பொற்குடை விரிக்க, மரங்கள் கவரி வீச, சாமான் வண்டியின் ஒலிப்பான் சங்கென முழங்க, அலமாரிகளும் அண்டாக்களும் நால்வகைப் படையெனப் பின்தொடர, தையல் இயந்திரம் பட்டத்து யானையென அசைந்து வர, தரைத்தள வீட்டின் திருவாசலில் இறங்கி நின்ற தராசார், மண்ணும் விண்ணும் கேட்கும்படி ஒரு முழக்கம் செய்யத் தொண்டையைச் செருமி, தம் துணைவியாரைக் கைத்தாங்கலாக ஏற்றிச் செல்லும் பொருட்டு, பழகிய வழக்கப்படியே, வீரத் திருக்கரத்தைப் பின்புறமாக நீட்டி, அந்தக் கரத்தில் ஒரு கை வந்து பற்றும் என்று காத்து, காத்து, பற்றாதது கண்டு திகைத்துத் திரும்பினார்.

டீச்சர் உள்ளே போய் ஃபேனைப் போட்டிருந்தார்.